உறிஞ்சக் கூடாத வாரம்

புதன்கிழமை பதினோரு மணிக்கு
டாக்டர் இத்துர்ரால்தே
என் நெஞ்சில் காலை ஊன்றாத குறையாக இழுத்தார்.
இரண்டு வேர். ஒன்று வந்தது.
மற்றது முறிந்தது, கொஞ்சம் யோசித்தது,
பிறகு வந்தது.
"குழியில் ரத்தம் உறைந்து கட்டியாகும்.
அதுதான் மருந்து, அதுதான் மூடி.
அதைக் கிளப்பிவிடாதீர்கள், சுல்மா.
கிளம்பினால் எலும்பு காற்றைப் பார்க்கும்."

தாளில் அச்சடித்தும் கொடுத்தார்கள்:
துப்பக் கூடாது.
புகைக்கக் கூடாது.
நாளை வரை கொப்பளிக்கக் கூடாது.
குழல் வைத்து எதையும் உறிஞ்சக் கூடாது.

ஃப்ராய் பென்டோஸில் வந்து இதைச் சொல்கிறார்கள்!
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை இல்லாமல்
தெருவில் இறங்காத ஊர் இது.
ஒரு சுரைக்குடுக்கை, ஒரு வெள்ளிக் குழல்,
சுற்றி உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஒரே வாய்.

வியாழன், இரவுப் பணி, பாலத்துச் சுங்கச் சாவடி.
ஜூலைக் குளிர் ஆற்றிலிருந்து ஏறி வந்தது.
எடிசன் மாத்தே ஊற்றி என் பக்கம் நீட்டினான்.
"நன்றி" என்றேன்.
இங்கே நன்றி என்றால் எனக்குப் போதும் என்று பொருள்;
குடித்து முடித்தவர் சொல்வது.
ஒரு வாய் குடிக்காமலே சொன்னவளை
ஒரு கணம் பார்த்தான்.
குடுக்கை என்னைத் தாண்டி டெல்மிராவிடம் போனது.

டெல்மிரா உறிஞ்சியபடியே சொன்னாள்:
"மூன்றாம் நாள்தான் தெரியும்.
எனக்கு மூன்றாம் நாள்
காதுக்குள் ஆணி அடித்த மாதிரி."
அரிசி லாரி வந்து நின்றது.
சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.
மனசு நாளை எண்ணியது.

நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
முப்பத்தொரு பல் இருக்க
இல்லாத ஒன்றின் வாசலிலேயே போய் நிற்கிறது.
போகாதே என்கிறேன்.
போகவில்லையே என்கிறது,
அங்கிருந்தே.

வெள்ளி: கைபேசி வெளிச்சம், குளியலறைக் கண்ணாடி,
கன்னத்தை இழுக்கும் தேக்கரண்டிக் காம்பு.
உள்ளே வெள்ளையாக ஏதோ.
உருளைக்கிழங்கு மசியலா, சீழா, எலும்பா?
உள்ளங்கையில் ஊதி முகர்ந்தேன்.
சோப்பு வாசனைதான் வந்தது.
காய்ச்சல் பார்த்தேன், முப்பத்தாறு புள்ளி எட்டு.
ஐந்து நிமிடம் கழித்து, புள்ளி ஒன்பது.
அந்த ஒரு புள்ளிக்காக
பாதி கழுவிய பாத்திரத்தை அப்படியே விட்டு
உட்கார்ந்துவிட்டேன்.

சனி இரவு வந்தது வலி.
சொன்ன நாளில், சொன்ன இடத்துக்கு,
காதுக்குக் கீழே.
தலையணையைத் திருப்பிப் போட்டேன்.
உப்புநீரை வாயில் வைத்து, கொப்பளிக்காமல்,
தலையை மட்டும் சாய்த்துச் சாய்த்து,
தொட்டிக்கு மேல் வாயைத் திறந்து
தானாக வழியவிட்டேன்,
கைக்குழந்தை மாதிரி.
கீழுதட்டைக் கிள்ளிப் பார்த்தேன்,
மரத்துப் போயிருக்கிறதா என்று.
வலித்தது. சந்தோஷப்பட்டேன்.
அவசர எண்ணை அழுத்தி
அடுத்த முனையில் குரல் வந்ததும் வைத்துவிட்டேன்.

ஞாயிறு விடியலில் மொபெட்டில் போய்க் கதவைத் தட்டினால்
வீட்டுச் செருப்போடு வந்தார் டாக்டர்,
கக்கத்தில் குடுவை.
கூடத்து நாற்காலியிலேயே என்னைச் சாய்த்துப் பார்த்தார்.
"கட்டி இருக்கிறது. அழகாக இருக்கிறது."
என் உடம்பில் எதையும் யாரும் அப்படிச் சொல்லி
வருஷக்கணக்காகிறது.
"வலிக்கிறதே?"
"அது குழி இல்லை, தாடை மூட்டு.
ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறீர்கள்.
எதற்கு இவ்வளவு பயம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை.
திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில்
மறுபடி கடித்துக்கொண்டிருந்தேன்.
பிடித்துவிட்டேன். விட்டேன்.
பச்சை விழுவதற்குள் மறுபடி.

அடுத்த வெள்ளி, பாலம், மூடுபனி.
எடிசன் கேட்காமலே நீட்டினான்.
குழலை வலப்பக்கம் ஒதுக்கி
எறும்பு குடிக்கிற அளவு இழுத்தேன்.
நிறுத்தினேன். காத்திருந்தேன்.
இடப்பக்கம் ஒன்றும் நடக்கவில்லை.
இன்னும் கொஞ்சம்.
கசப்பு, சூடு, பச்சை நுரை;
அடியில் கொறகொறவென்று சத்தம் வரும்வரை.

குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தேன்,
நன்றி சொல்லாமல்.