தாழ்ப்பாள்

சைகோனிலிருந்து அப்பா கொண்டுவந்தது
ஒரு தகரப் பெட்டி, ஒரு மெடல்,
கேட்காத இடது காது.
சண்டையைப் பற்றி வாயே திறந்ததில்லை.

துய்மா வீதியில் லான் அம்மாள் நடந்தால் மட்டும்
எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.

அவள் மகள் மர்கரீத்தின் பென்சில் பெட்டியில்
ஏன் துப்பினாய் என்று சிஸ்டர் கேட்டபோது
எனக்கே தெரியவில்லை.

பென்ஷன் நாள். கான்சுலேட் வரிசை.
அப்பாவுக்கு முன்னால் அவள்.
அவள் புருஷன், நம்ம முத்தியால்பேட்டைக்காரர்,
செத்தது அப்பாவின் படையில்தான்.
தொப்பியைக் கழற்றினார் அப்பா.
மறுபடி மாட்டிக்கொண்டார்.
அன்று சாயங்காலமும் சாத்தினார்.

நேற்று
கட்டட வேலைக்கு வந்த ஒடியாப் பையன்கள்
ஏதோ சிரித்துக்கொண்டு போனார்கள்.
பேத்திக்கு ஐந்து வயது.
தாழ்ப்பாள் எட்டவில்லை.
என்னைப் பார்க்காமலே
ஸ்டூலை
இழுத்துக்கொண்டிருந்தாள்.