வலிக்கு

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்
பாறசாலை ஆஸ்பத்திரியில்
பிளாஸ்டிக் வாளிக்குள் கையை விட்டு
ஆளுக்கொரு உறை எடுத்தோம்.
எனக்கு உடற்பயிற்சி.
ரெத்தினபாய்க்குப் பேச்சு.
பன்னிரண்டு வாரம்.
எது நல்லதென்று அவர்களுக்கே தெரியாதாம்,
அதற்குத்தான் நாங்கள்.

மாத்திக்கிடலாமாட்டி என்றாள் அவள்.
அண்டியாபீசில் பதினேழு வருடம்
எனக்கு எதிரே குந்தியிருந்து தல்லுகிறவள்.
கொட்டை உடையும் சத்தம்தான்
அவளிடமிருந்து அதிகம் கேட்டிருக்கிறேன்.
மாற்றக் கூடாது என்றாள் நர்ஸ்.

என் அறையில் பிஜுலால் என்றொரு பையன்.
சுவர்க் கம்பியில் பச்சை ரப்பர் பட்டை.
நுனியைக் கையில் கொடுத்து
வலிக்கு, என்றான்.
வலிக்கு, என்றேன்.
வலிக்கு, வலிக்கு, என்றான் இன்னும் உரக்க.
வலிக்குன்னுதானலே நானும் சொல்லுதேன்!
அவன் பாஷையில் அதற்கு
இழு என்று பொருள்.
எனக்குத் தெரியாததா,
செக்போஸ்ட் தாண்டி மீன் வாங்கி வளர்ந்தவள்.
ஆனாலும் இடுப்பு
தமிழில்தான் கேட்டது.

அடுத்த அறையில் ஒரு மேசைவிசிறி,
இரண்டு நாற்காலி,
நெய்யாற்றின்கரைக்காரி ஒரு சின்னப் பெண்.
வேதனை எங்கே என்று கேட்டாளாம்.
முதுகுல இருக்கது வலி,
வேதனை வேற, என்றிருக்கிறாள் ரெத்தினபாய்.
அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு
அந்த வேற எது, என்றாளாம்.

அதை எனக்கு பஸ்ஸில் சொன்னாள்,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.
பதினொரு வருடத்துக்கு முன்னால்
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
ஒரு டாக்டர் சொன்ன ஒற்றை வார்த்தை: தேய்மானம்.
அதே மாதம் மார்த்தாண்டத்தில்
செயினை விற்றபோது நகைக்கடைக்காரனும்
அதையே சொல்லிக் கழித்தானாம்.
அன்றிலிருந்து அவள் குடம் தூக்கவில்லை.
குனிந்து எதையும் எடுக்கவில்லை.
கீழே விழுந்த சில்லறையைக்கூட
காலால் சுவரோரம் தள்ளி
யாராவது வரட்டும் என்று நிற்பாள்.
இன்னும் கொஞ்சம் தேய்ந்தால்
ஒடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள்.
எதிரே இருந்த எனக்கு
இது தெரியாது.

வாராவாரம் கேட்பார்கள், பத்துக்கு எத்தனை?
நான் ஏழு, ஆறு, ஐந்து என்று
படி இறங்கினேன்.
ஒன்பதாம் வாரம் எட்டு.
பையன் பட்டையைச் சோதித்தான்,
என் முட்டியைச் சோதித்தான்,
வீட்டில் செய்தீர்களா என்றான்.
செய்தேன். தவறாமல் செய்தேன்.
அந்த வாரம் வீட்டில் நடந்ததற்கு
அவனுடைய தாளில் கட்டம் இல்லை.

ரெத்தினபாய் எட்டு, எட்டு, எட்டு.
பிறகொரு நாள்
எட்டுதான். ஆனா நேத்து தண்ணி எடுத்தேன்.

அதற்கப்புறம் நாங்கள் கள்ளத்தனம் செய்தோம்.
வறுக்கிற கொட்டகைக்குப் பின்னால்
கோணிச்சாக்கை விரித்து
பூனை போல முதுகை வளைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.
பயந்து பயந்து வளைத்தாள்.
ஒடியவில்லை.
இப்ப உனக்கு, என்று
அந்தப் பெண்ணின் குரலிலேயே கேட்டாள்:
இந்த வலி ஒன்ன எதச் செய்ய விடாமத் தடுக்குது?
ராத்திரி புரண்டு படுக்க.
ஏன்?
கட்டில் கிரீச்சிடும், அவரு எழும்புவாரு.
எழும்பினா?
சங்கு ஊதிவிட்டது.
கையில் எண்ணெய் தடவிக்கொண்டு
இருவரும் உள்ளே போனோம்.
மறுநாளும் அதே இடத்திலிருந்து கேட்டாள்.
எழும்பினா?

கடைசி நாள்
எது உதவியது என்று இரண்டு கட்டம்.
நான் பயிற்சியில் குறி போட்டேன்,
அவள் பேச்சில்.
நர்சுக்குத் திருப்தி.
யாரோ எங்கேயோ
எங்கள் இருவரையும் கழித்துப் பார்ப்பார்கள்.

திரும்பும்போது படந்தாலுமூடு வந்துவிட்டது.
கண்டக்டர் முன்பக்கம்
யாருக்கோ பாக்கிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.
ரெத்தினபாய் எழுந்து,
இருக்கையைப் பிடிக்காமல்,
கையை உயர்த்தி மணிக்கயிற்றை இழுத்தாள்.
வலிக்கா, என்றேன்.
ஆறு, என்றாள்.
ஒனக்கு?
நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்.