கீழே ஓடும் கோடு

உறையை வெண்ணெய்க் கத்தியால் கிழித்தேன்.
குவோப்பியோவில் அன்று மதியமே இருட்டிவிட்டது.
கணினி சீட்டுக் குலுக்கியிருந்தது.
எதிர்வீட்டு ராய்லிக்கு எல்லாம் விழுந்தது:
வாரம் மூன்று நாள் உடற்பயிற்சிக் கூடம்,
தட்டில் எது எத்தனை என்று எழுதித்தர ஒருத்தி,
நினைவைத் தீட்டும் திரை விளையாட்டு,
ரத்த அழுத்தத்துக்குத் தனிக் கவனிப்பு.
எனக்கு ஒரு துண்டறிக்கை.
எட்டுப் பக்கம். அட்டையில் தக்காளி.

நான் ஒப்பீட்டுக் குழு.

"அவுனே, நீங்கள் வழக்கம்போல் இருந்தால் போதும்"
என்றாள் செவிலி.
எழுபத்தோரு வயதில்
வழக்கம் எனக்கு உத்தியோகமாயிற்று.
முப்பது வருடம் தபால் வண்டி ஓட்டியவள்;
சொன்ன தெருவுக்குச் சொன்ன நேரத்தில் போய்விடுவேன்.
வழக்கம் எந்தத் தெருவில் இருக்கிறது?
வெண்ணெயைக் கொஞ்சம் குறைத்தால் ஏமாற்றா?
பேருந்தை விட்டுக் கடைக்கு நடந்தால்
ராய்லி பக்கம் சாய்ந்துவிட்டேனா?

சேர்ந்தது அக்கா ஹில்க்காவால்.
கடைசி வருடங்களில் அவள்
உப்புக் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள்,
அதன் பெயர் உள்ளே இருக்கிற மாதிரி.
முன்னாலேயே ஏதாவது செய்திருந்தால்?
என்று மருத்துவரைக் கேட்டேன்.
கையை விரித்தார். நல்ல மனிதர்.
அந்த விரிந்த கையில் வைக்க ஏதாவது வேண்டுமென்றுதான்
பெயர் கொடுத்தேன்.
கடைசியில் வைக்கக் கிடைத்தது
நான் செய்யாமல் விட்டவை.

ஆறு மாதத்துக்கொரு சோதனை.
பத்துச் சொற்கள் வாசிப்பார்கள்.
கடிகாரம் வரை என்பார்கள், மணி பதினொன்று பத்து.
எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள்.
இருபது நிமிடம் கழித்து: அந்தப் பத்து?
ஒன்பது வரும்.
பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல்
போய்ப்போய்த் திரும்புவேன்.
மூன்றாம் நாள், மீன்ரொட்டி அடுப்பில் வேகும்போது
"ஏணி!" என்று கத்தினேன்.
அடுப்பு மதிப்பெண் போடவில்லை.

ராய்லி இளைத்தாள்.
சிவப்பு மேலாடையில் என் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம்
கை காட்டுவாள்.
பொறாமைதான், மறைப்பானேன்.
ஒரு மார்ச் மாதம் முழுக்கத் திரைச்சீலையை இழுத்தே வைத்திருந்தேன்.
அவளே வந்து கதவைத் தட்டினாள்,
முழங்கால் வீங்கி, ஐஸ் கேட்டு.
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்து அழுத்தியபடி சொன்னாள்:
"நீ இல்லையென்றால் நான் வெறும் ஓடுகிற கிழவி, அவுனே.
நீ அங்கே உட்கார்ந்திருப்பதால்தான்
என் ஓட்டம் ஒரு எண்ணாகிறது."

இரண்டு வருடம் முடிந்து நூலக மாடியில் கூடினோம்.
காப்பி, ஏலக்காய் ரொட்டி,
கழற்றிய பனிக்கோட்டுகளின் ஈர வாசனை.
ஆய்வாளர் சம்ப்ஸாவுக்கு என் மகன் வயதுகூட இராது.
திரையில் இரண்டு கோடு காட்டினார்.
ஒரே புள்ளியில் கிளம்பி
மெல்ல, மிக மெல்ல, விலகின.
கடைசியில் நடுவே ஒரு விரற்கடை.

"நோய் வராது என்று இதற்கு அர்த்தமில்லை" என்றார்.
"யாருக்கு, எத்தனை காலத்துக்கு, இன்னும் தெரியாது.
ஆனால் இது தற்செயல் அல்ல."
அதைச் சொல்லும்போது தண்ணீர் குடித்தார்.

கீழ்க்கோடு நான்.
நானும் நூற்று எண்பத்தேழு பேரும்.
உற்றுப் பார்த்தேன்: அதுவும் கொஞ்சம் ஏறியிருந்தது.
ஏன் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.
"திரும்பத் திரும்பச் சோதனைக்கு வந்ததால் இருக்கலாம்.
யாரோ கவனிக்கிறார்கள் என்பதாலும் இருக்கலாம்."
ராய்லி என் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

ஹில்க்கா, ஒரு விரற்கடை.
உனக்கு அது எட்டாது.
எனக்கே எட்டுமோ என்னவோ.
எனக்குத் தெரியாத ஊரில், எனக்குத் தெரியாத ஒருத்தி
அந்த இடைவெளிக்குள் நின்றுகொண்டு
இன்னும் ஒரு குளிர்காலம்
உப்பை உப்பென்று கூப்பிடுவாள்.

இனி எங்களுக்கும் கூடம் திறந்திருக்குமாம்.
செவ்வாய், ஒன்பது மணி.
காலணி வாங்க வேண்டும்.