ஆறாவது சிலிண்டர்

குளிரில் கிளப்பினால் மட்டும் கேட்கும்.
டிக் டிக் டிக்.
பக்கத்து அறையில் யாரோ
பொறுமையிழந்து மேசையை நகத்தால் தட்டுகிற மாதிரி.
நான்கு மைல் ஓடி ஊருக்குள் நுழைவதற்குள்
தானே அடங்கிவிடும்.
சல்மேலாவின் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும்போது
வண்டி பரம சாது.

“எந்தச் சத்தம்?” என்றான் ரெய்னோ.
எண்பத்து நான்காம் வருடத்து ஃபோர்டு.
வாங்கிய நாளிலிருந்து
அதை ஒரு குறை சொல்ல விட்டதில்லை.
முப்பது குளிர்காலம் காட்டில் மரம் அறுத்தவன்,
மோட்டார் ரம்பம் தோளில், காதில் ஒன்றுமில்லாமல்.
“உனக்குத்தான் காதில் கோளாறு, சில்வி.”

டேப்பெட்டாக இருக்கும் என்றார் சல்மேலா.
கனமான ஆயிலாகப் பார்த்து மாற்றினேன். டிக் டிக்.
பெட்ரோல் பம்ப் என்றார் தபால்காரர்.
தபால்காரர் பேச்சைக் கேட்டும் மாற்றினேன், பாருங்கள்.
முப்பத்தெட்டு டாலர். டிக் டிக்.

ஜனவரியில் ஒரு காலை.
சுப்பீரியர் ஏரி கரையோரம் உறைந்து
ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டிருந்தது.
தோட்டத்து ஹோஸில் மூன்றடி வெட்டினேன்.
கம்பு மாதிரி விறைத்திருந்தது,
அடுப்பருகே வைத்து வளைய வைத்தேன்.
பானெட்டைத் தூக்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.

ஒரு முனை என் காதில்.
மறுமுனை வீடு வீடாக ஒட்டுக் கேட்டுப் போயிற்று.
கார்புரேட்டரில் உறிஞ்சல்.
ஆல்டர்னேட்டரில் வண்டு.
பம்ப், பாவம், நிரபராதி.
பின்னால், கேபின் சுவரை ஒட்டி,
கை போகாத அந்த இருட்டில்
காதுக்குள் சூடாக ஊதியது:
ஃபுட், ஃபுட், ஃபுட்.
சத்தமென்று நினைத்திருந்தேன்; மூச்சு.

ஆறாவது பிளக்கின் வயரை இடுக்கியால் உருவினேன்
(ஷாக் அடித்தது, முழங்கை வரை).
மூச்சு நின்றது. மாட்டினேன், வந்தது.
டார்ச்சை வளைத்துப் பிடித்துப் பார்த்தால்
மேனிஃபோல்டின் ஓரம் விசிறி போல் கரிப்படலம்.
இருக்க வேண்டிய போல்ட்டுக்குத் தலையில்லை.
இரும்பு சூடேறியதும் பருத்து
இடுக்கை அடைத்துக்கொள்கிறது.
அதனால்தான் ஊருக்குள் போனால் வாய் திறக்காது.

அவனைக் கூப்பிட்டேன். ஹோஸைக் கொடுத்தேன்.
வலது காது. “ஒன்றுமில்லை.”
இடது காது. ஒன்றும் சொல்லவில்லை.
நான் அவன் முகத்தைப் பார்க்காமல்
கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைக்க அவ்வளவு இல்லை.

பிறகு அவனாகவே போய்
மரக்கைப்பிடி போட்ட நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தான்.
நுனியை ஆறாவதின் மேல் ஊன்றி
கைப்பிடியைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு
கண்ணை மூடினான்.

தாடை வழியாக ஏறியிருக்க வேண்டும்.
புருவம் ஒருமுறை உயர்ந்தது.
பனி அவன் தொப்பியில் உதிர்ந்து உதிர்ந்து
எஞ்சின் சூடேறி
டிக் மெலிந்து, போயும் போய்விட்டது.
அவன் கடித்த பிடியை விடவில்லை.

“எவ்வளவு நாளாக?”
“நவம்பரிலிருந்து.”
“வண்டியைக் கேட்கவில்லை.”

கேஸ்கெட் பதினாறு டாலர்தான் ஆகும் என்றேன் நான்.

உடைந்த போல்ட்டைத் துளைத்து எடுக்க இரண்டு நாள்.
மூன்று டிரில் பிட் போயிற்று,
ஃபின்னிஷ் மொழியில் இருக்கும் வசவெல்லாம் போயிற்று.
சாவியைத் திருப்பும்போது இப்போது
அவன் எஞ்சினைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறான்.
இல்லை என்று தலையசைக்கிறேன்.

வலது காதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
சாப்பாட்டு மேசையில் நாற்காலியை
அந்தப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன்;
ஏனென்று அவன் கேட்கவில்லை.

இன்று காலை ஆல்டர்னேட்டர் பக்கம்
மெலிதாக ஒரு கீச்.
ஒன்றும் சொல்லாமல்
ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியை முந்தானையில்
—இல்லை, கோட்டு முனையில்தான்—துடைத்து
அவனிடம் நீட்டினேன்.