கோணி பொது

வாடகை வீடு பன்னிரண்டும்
தனித்தனியாய் விற்பனைக்கு என்று
மீரான் கட்டிடத்து வாசலில்
ஒட்டிவிட்டுப் போனார்கள்.
செங்கோட்டையில் மூணு மாடி என்றால் அந்தக் காலத்தில்
புனலூர் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள்
தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்களாம்.
இப்போது நாங்கள் பார்க்கிறோம்,
எங்கள் வீட்டை, நோட்டீஸின் வண்ணப் படத்தில்,
"பழமை மாறாமல்" என்ற எழுத்துக்குக் கீழே
காய்கிற துணி ஒன்றுகூட இல்லாமல்.

நாலாம் நம்பரில் குடியிருப்பவள் நான்.
பத்திரம் எழுதுகிறவளும் நான்.
பன்னிரண்டு கிரயம். ஒன்றில்
வாங்கியவள் என்ற இடத்திலும் என் பெயர்,
எழுதியவள் என்ற இடத்திலும் என் பெயர்.
கூச்சமாகத்தான் இருந்தது.
நகையை வைத்தாயிற்று, இனி என்ன.

மனை ஒன்பது சென்ட்.
பன்னிரண்டால் வகுத்தால்
ஆளுக்கு முந்நூற்றி இருபத்தேழு சதுரடி,
பிரிபடாத பங்கு.
"என்னோடது எங்கன கெடக்கு?" என்று கேட்டார்
பதினொன்றாம் நம்பர் இசக்கியப்பன்.
தனியாய் எங்கேயும் இல்லை,
எல்லா இடத்திலும் கொஞ்சம் என்றேன்.
"சாமி மாதிரியா?"
சாமிக்குத் தீர்வை ரசீது வராது என்றேன்.

மூலப்பத்திரம்
கொல்லம் ஆயிரத்து நூற்றிப் பன்னிரண்டு, கன்னி மாசம்,
திருவிதாங்கூர் முத்திரை, மலையாள எழுத்து.
மடிப்பில் தொட்டால் உதிர்கிறது.
இரண்டாம் நம்பர் குஞ்ஞம்மா சாக்கோ
ரயில்வே ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட விரலால்
வரியைத் தொடாமல் தொட்டு வாசித்தார்:
கிணறு பொது.
மச்சு பொது.
கோணி பொது.

கோணியா?
மாடிப்படிக்கு அடியில்
ஒன்பதாம் நம்பர் கோமதிநாயகத்தின் கடலைக் கோணிகள்
இருபத்திரண்டு வருஷமாய் இருக்கின்றன.
அவர் பிறக்குமுன்பே அவருக்காக
இதை எழுதிவைத்த மகராசன் யார்?

குஞ்ஞம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணாடி நழுவியது.
"கோணின்னா படி, கொச்சே. ஏறிப் போற படி."

வாசலில் நின்ற கோமதிநாயகமும் சிரித்தார்.
அவருக்குப் படி என்றால்
கடலை அளக்கிற படி.
மாசம் ஆயிரத்து எண்ணூறு கொடுத்த வீடு
முப்பத்தொரு லட்சம் என்றபோது
அந்தப் படியில் எத்தனை என்று
மனசுக்குள் அளந்துபார்த்திருப்பார்.
வாய் திறக்கவில்லை.
எங்கள் எல்லோருக்கும் ஒரு கை வறுத்த கடலை கொடுத்தார்.
நான் தின்றேன்.

ராத்திரி சொத்து விவரம் எழுத உட்கார்ந்தேன்.
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்
எல்லாம் கை தானே எழுதிக்கொண்டு போகும்.
பொது இடங்கள் என்ற வரியில் நின்றது.
மாடிப்படி என்று எழுதவேண்டும்.
தமிழ்ப் பத்திரம். தமிழ் வார்த்தை.
அடியில் மீட்டர் அறை வரப்போகிறது,
கோணிகளை எடுக்கச் சொல்லியாயிற்று.
விசிறி சுற்றியது. மேல்வீட்டில் யாரோ
நாற்காலி இழுத்தார்கள்.
எழுதினேன்:
மூலப்பத்திரத்தில் கண்டபடி, கோணி பொது.

புரமோட்டரின் ஆள் பிரைட்சன்
அந்த வரியில் பேனாவை வைத்து நிறுத்தினார்.
"இதென்ன கோணி?"
மூலத்தில் உள்ள வார்த்தை,
மாற்றினால் பின்னால் வில்லங்கம் என்றேன்.
வில்லங்கம் என்றால் மட்டும் அவர் முகம் வெளுக்கும்.
சாட்சிக் கையெழுத்துப் போட வந்த குஞ்ஞம்மா
கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருதரம் பார்த்தார்.
மலையாளத்தில் போட்டார், நிறுத்தி நிதானமாய்.

வியாழக்கிழமை பதிவாயிற்று.
ஒன்பதாம் நம்பரைக் காலிசெய்து
கோமதிநாயகம் பிரானூர்ப் பார்டருக்குப் போய்விட்டார்.
அதை என் பேனா தடுக்கவில்லை.
ஒன்பதை வாங்கிய கொட்டாரக்கரைக்காரர்
வந்த அன்றே கேட்டார், யாருடைய மூட்டை இது?
பத்திரத்தை எடுத்துக் காட்டினேன்.
அவர் மலையாளி. கோணி என்று வாசித்துவிட்டுப்
படியை நிமிர்ந்து பார்த்தார்,
பிறகு மூட்டையைப் பார்த்தார்,
பிறகு என்னை.

தினமும் ஆறு மணிக்கு
கோமதிநாயகம் சைக்கிளில் வருகிறார்,
அன்றைய கடலையை அளந்து எடுக்கிறார்.
இன்று சாரல் உள்ளே அடித்தது.
கோணிகளை ஒரு சாண் தள்ளி வைத்தார்.
அந்த ஒரு சாண்
என் முந்நூற்றி இருபத்தேழில் சேர்ந்ததா என்று
கேட்கவில்லை அவர்.
எனக்கும் தெரியாது.