ஒன்றா, ஏழா

திங்கள்சந்தையைச் சுற்றி எட்டு ஊருக்கும்
"அன்னார் இன்று அதிகாலை காலமானார்" என்று
ஆட்டோவின் தலையிலிருந்து சொல்லும் குரல்
என்னுடையதாக்கும்.
ஒரு சாவுக்கு இருநூறு ரூபாய்.
நடுவில் கரண்ட் போனால்
மறுபடி முதலிலிருந்து சாக வேண்டும் அவர்.

செலின் என்றால் ஒருத்தருக்கும் தெரியாது.
வாயைத் திறந்தால் மீன்காரி
கூடையை இறக்கிவைத்து, யாரு, என்பாள்.

அதனால்தான் தோன்றியது,
செத்துப்போகாத எதையாவது
காசு வாங்காமல் வாசித்துப் போடலாமென்று.
கண் தெரியாதவர்கள் கேட்பார்களாம்.
நெற்றியில் விளக்கோடு ரப்பர் வெட்டுகிறவர்கள்
இருட்டில் காதில் சொருகிக்கொள்ளலாம்.

சட்டம் சின்னது.
எழுதினவர் செத்த வருஷம் கழிந்து
அறுபது வருஷம் தாண்ட வேண்டும்.
அந்த டிசம்பர் முடியும் இரவில்
புத்தகம் கயிறறுத்த கன்று.
சிரிப்பு வந்தது.
இங்கேயும் முதல் கேள்வி, எப்போது செத்தார்.

முதலில் ஒரு நாவல் பார்த்தேன்.
மூன்று பக்கம் மழை.
நாலாம் பக்கத்தில்தான் ஒருத்தி குடையோடு வருகிறாள்.
மூச்சு முட்டியது, மூடிவிட்டேன்.
அடுத்தது குடும்பப் பெண்களுக்குப் புத்தி சொல்வது:
பெண்குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கலாகாதாம்.
இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு
அதை நான் எப்படி வாசிக்க?
விஷக்கடி வைத்தியம், வேண்டவே வேண்டாம்.
எவனாவது நம்பித் தொலைத்தால்
அந்த அறிவிப்பும் என்னிடமே வரும்.

கடைசியில் கிடைத்தது
தேனீ வளர்க்க எழுபது பக்கக் கையேடு.
மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு வாத்தியார், தேவவரம்.
ஒரு வாக்கியம்கூட என் மூச்சைவிட நீளமில்லை.
"பெட்டியைத் திறக்குமுன் நின்று கேள்.
பசித்த இரைச்சல் வேறு, கோபித்த இரைச்சல் வேறு."
அன்றைக்குச் சாயா ஆறிப்போயிற்று.

செத்த தேதி எங்கும் இல்லை.
பதிவேட்டைக் கறையான் தின்றது என்ற கோயில்பிள்ளை
ரப்பர் சருகைக் காலால் தள்ளிக் கல்லறையைக் காட்டினார்.
சிமெண்டுக் குருசு. திங்கட்கிழமை, ஜூன் 5,
நூற்றித் தொண்ணூற்றாறு வரை தெளிவு,
கடைசி எண்ணில் நிமிர்ந்த ஒரு கோடு மட்டும்.
தலைப்பக்கம் பூச்சு பெயர்ந்திருந்தது.

ஒன்றென்றால் எப்போதோ அவிழ்ந்தாயிற்று.
ஏழென்றால் இன்னும் கட்டில்தான் கிடக்கிறது.
கிழமையை வைத்துப் பிடிக்கலாமென்று
போனில் பழைய காலண்டரைத் திறந்தேன்.
அறுபத்தொன்றிலும் அறுபத்தேழிலும்
ஜூன் ஐந்து திங்கட்கிழமைதான்.
மனுஷன் கணக்கு வாத்தியாராயிருக்கும்.

"ஒண்ணுண்ணு வச்சுக்கோ, யாருக்குத் தெரியும்"
என்றான் மைக்செட் ஜெபசிங்.
எனக்கு மனசு வரவில்லை.
அடக்க நேரத்தை நான் பிசகிச் சொன்ன ஒரு நாள்
பெட்டி மூடின பிறகு ஓடி வந்தான் ஒரு மகன்.
என்னை ஒன்றும் சொல்லவில்லை அவன்.
ஏழு என்று எழுதிக்கொண்டேன்.
ஆறு வருஷம் கூடுதலாய்
இருந்துவிட்டுப் போகட்டும் வாத்தியார்.

இடவப்பாதி தொடங்கிவிட்டது.
நாலு போர்வை தொங்கவிட்டும்
ஆஸ்பெஸ்டாஸ் அடங்கவில்லை.
நிறுத்தினேன், காத்தேன், திரும்பத் தொடங்கினேன்,
பிறகு மூடிவைத்த நாவலை எடுத்தேன்.
மூன்று பக்கம்.
கூரை பாட்டுக்குக் கூரை, நான் பாட்டுக்கு நான்.
எது அதன் மழை, எது இரணியல் மழை என்று
கேட்கிறவர்கள் பிரித்துக்கொள்ளட்டும்.

நாலாம் பக்கம் வந்ததும் குரல் தானாக இறங்கியது.
அன்னார், அன்னார் என்று பழகின வாய்
அவள் என்றது.
அவள் குடையை மடக்கினாள்.

வெளியே ஆட்டோ ஹார்ன் அடித்தது.
கையில் பெயர் எழுதின தாளோடு ஜெபசிங்.
ஒரு நிமிஷம், என்று விரலைக் காட்டிவிட்டு
அவளைப் படியேற்றினேன்.