ஏழாம் நிலையம்

ஜனவரியில், கலபாருக்குக் கீழே,
கழிமுகம் வாய் நிறைய உப்போடு கிடக்கும்.
ஹார்மட்டான் தூசி படிந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குவேன்.
ஒன்றரை மீட்டர் வரை தெரியும்.
நைட்ரேட்? சொல்லும்படி இல்லை.
பட்டினி கிடக்கும் தண்ணீர்தான் இப்படிப் பளிச்சென்றிருக்கும்.

ஓஃபியோங் எஞ்சினை அணைத்துவிட்டு
சுண்டுவிரலை முக்கி நாக்கில் வைப்பான்.
"பதினாறு."
மீட்டர்: பதினைந்து புள்ளி எட்டு.
ஒரு கோலா அவனுக்கு.
பிப்ரவரியிலும் ஒன்று. மார்ச்சிலும்.

ஜூலையில் மழை
மேட்டு வயல்களின் உரத்தையும் ஊர்ச் சாக்கடையையும்
வாரிக்கொண்டு இறங்கியது.
தட்டு ஒரு சாண் போவதற்குள் காணோம்.
நிப்பா ஓலைகளுக்கிடையே நத்தை பொறுக்கும் பெண்கள்
இடுப்பளவு பழுப்பில் நின்று கையசைத்தார்கள்.
விரலை முக்கினான்.
நெடுநேரம் எண் சொல்லவில்லை.
"சோப்பு," என்றான்.

மீட்டரில் உப்பு பூஜ்யம்.
சோப்புக்கு அதில் பொத்தான் இல்லை.
புட்டியில் அடைத்து, பனிக்கட்டியில் புதைத்து அனுப்பினேன்.
மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது:
பாஸ்பேட், ஜனவரியைப்போல் ஒன்பது மடங்கு.

டிசம்பரில் உப்பு திரும்பிவிட்டது.
தட்டு மறுபடி ஒன்றரை மீட்டர்.
என் ஏட்டில் வளைகோடு அழகாக மூடிக்கொண்டது.
"எவ்வளவு?" என்றேன், கோலாவைக் காட்டி.
ஓஃபியோங் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை.
"மீட்டரைக் கேள்."